நாற்றக் கஷாயம்

மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து தீர்ந்துபோனதால், சிகாமட் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் துரை ஒரு காட்டு இலையைச் சோதித்துப் பார்த்தார். வலது வரிசைக் காய்ச்சல்காரர்களுக்கு இலைக் கஷாயம். இடது வரிசைக்கு அதே நிறத்தில் வெறும் தேயிலைத் தண்ணீர்.

காய்ச்சும் வேலை டிரஸ்ஸர் அருளப்பனுடையது. செத்த எலியை ஊறவைத்தது போன்ற நாற்றம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் கிளறினார். வீட்டில் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் இரண்டு வரிசையும் ஒன்றுபோலத் தேறி எழுந்தது. இலையில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு, மிச்சத்தை எரிக்கச் சொல்லி துரை ரயிலேறினார்.

அருளப்பனுக்குக் கொண்டாட்டம். காலையிலிருந்து உடம்பு நடுங்கியதைக்கூடப் பொருட்படுத்தாமல் இலையை எரித்தார். கஷாயப் பானையைச் சாக்கடையில் கவிழ்த்தார். "பீடை ஒழிஞ்சுது!"

மருந்து ஊற்றிக் கொடுக்கும் ஆயா வீராயி ஓடிவந்தாள். "அய்யய்யோ, நல்ல மருந்தாச்சேங்க!"

"வெறுந்தண்ணி குடிச்சவனுக்கும்தான் சரியாச்சு."

"யாருங்க வெறுந்தண்ணி குடிச்சா? ஒரு வரிசைக்கு மருந்து, மறு வரிசைக்குத் தண்ணின்னு பந்தி வஞ்சனை பண்ணலாமா? மொத நாள்லேருந்தே ரெண்டையும் கலந்துதானே எல்லாருக்கும் ஊத்துனேன்!"

குளிர்காய்ச்சலில் அருளப்பனின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. சாக்கடையில் கிடந்த பானையை நிமிர்த்தினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, தலையை உள்ளே விட்டு, அடியில் ஒட்டியிருந்ததை நக்க ஆரம்பித்தார்.