ரெண்டு மணிக் கோளாறு

"மிசின்ல ஒண்ணுமில்லைங்க பிட்டர். அடுப்படியில நிக்கிறாளே கண்ணாத்தா, அவதான் கோளாறு. மத்தியானம் சோத்தைத் தின்னுபுட்டுத் தூங்கிடுறா. அவளை நிறுத்தினா எல்லாம் சரியாப்போயிடும்."

மிசினைப் பழுது பார்க்க வந்த பிட்டர் ரெங்கராஜ் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கங்காணி மலையாண்டி தீர்ப்பே சொல்லிவிட்டான்.

ஆதனக்கோட்டைப் பக்கம் ஆத்மநாதனின் முந்திரி ஆலை அது. நீளமான இரும்புத் தொட்டியில் முந்திரி ஓட்டின் எண்ணெய் காயும். அதில் கொட்டையை முக்கி எடுத்து வறுப்பார்கள். சூடு முந்நூற்று எண்பது டிகிரி பாரன்ஹீட்டில் நிற்க வேண்டும். ஏறினால் பருப்பு கருகும். இறங்கினால் ஓடு முறுகாது. உடைக்கும்போது பருப்பும் சேர்ந்து நொறுங்கும்.

சூட்டை ஒரே நிலையில் வைக்க பம்பாயிலிருந்து ஒரு கருவி வாங்கிப் பூட்டியிருந்தார்கள். எண்ணெய்க்குள் கிடக்கும் ஒரு குப்பி, சூட்டுக்குத் தக்கபடி ஒரு இரும்புக் கம்பியை அசைக்கும். அந்தக் கம்பி புகைபோக்கியின் கதவைத் திறக்கும், மூடும். கதவு மூடினால் தீ அடங்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

மூணு வாரமாக, தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் சூடு இறங்கிப் போகிறது. உலகச் சண்டைக் காலம் வேறு. பம்பாய்க்குப் போட்ட கடிதத்துக்குப் பதிலே இல்லை. அப்புறம்தான் திருக்கோகர்ணத்திலிருந்த ரெங்கராஜுக்கு ஆள் போனது.

"ஆளை நிறுத்துற பேச்சை அப்புறம் பேசலாம் மலையாண்டி. மொதல்ல அவர் கருவியப் பாக்கட்டும்" என்றார் முதலாளி ஆத்மநாதன்.

ரெங்கராஜ் குப்பியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தான். சூடு காட்டும் முள் சரியாக இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. கம்பியைத் துடைத்து மூட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டான். கதவு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

கண்ணாத்தாள் அடுப்பை விட்டு நகரவில்லை. விறகை எடுத்து எடுத்துப் போட்டாள்.

பக்கத்துக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே புளியமரத்தில் ஏழெட்டுச் சேலைத் தொட்டில்கள். ஒரு பிள்ளை சிணுங்கியது. அதன் அம்மா செவந்தி எழுந்தாள்.

"எங்கிட்டு எந்திரிக்கிறவ? பசியாத்தத்தான் மணியடிச்சு விடுறோமில்ல? வேலை நேரத்துல தொட்டில் பக்கம் யாரும் போகக்கூடாது!"

முதலாளியின் மனைவி அமிர்தவல்லி. நிறுவையைச் சரிபார்க்க தினமும் மத்தியானம் வந்துவிடுவாளாம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருத்தியாக முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

'இந்தம்மா மனசு இரும்பா, கல்லா?' என்று நினைத்துக்கொண்டான் ரெங்கராஜ்.

ரெண்டு மணி ஆயிற்று. முள் முந்நூற்று எண்பதில் நின்றது. ரெண்டே கால். முந்நூற்று அறுபது. அப்புறம் முந்நூற்று நாப்பது.

அடுப்பைப் பார்த்தான். நிறைய விறகு. கண்ணாத்தாள் முழித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெங்கராஜ் சுற்றிக்கொண்டு புகைபோக்கியின் பின்பக்கம் போனான்.

அங்கே அமிர்தவல்லி நின்றிருந்தாள். கம்பியின் நுனியில், நிறுவைக்கு வைக்கிற அஞ்சு சேர் எடைக்கல் ஒன்று கயிற்றில் தொங்கியது. கதவு இறுக மூடிக் கிடந்தது.

ஒரு பருப்புக்கு முந்தானையை உதறச் சொல்கிறவள், தினம் அரை மூட்டைப் பருப்பை நொறுங்கவிடுகிறாள்!

"என்னங்கம்மா இது?"

திடுக்கிட்டுப் போனாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு மணிக்குக் காத்து திரும்பிருது பிட்டர். இந்தக் காரப் புகை அத்தனையும் நேரா புளியமரத்துக்குத்தான் போவுது. போன மாசம் ஒரு பிள்ளைக்குக் கண்ணு வீங்கிப்போச்சு. எண்ணெய் காயுறதைக் கொறைச்சா புகை கொறையுது."

"தொட்டிலை வேற பக்கம் கட்டலாமே?"

"இந்தப் பொட்டல்ல வேற எங்கிட்டு இருக்கு நெழலு?"

"முதலாளிகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"பிள்ளைகளையே கொண்டார வேணாம்னுட்டா? இவளுக எப்படி வேலைக்கு வருவாளுக? அதோட, தொட்டில் பக்கம் போகக்கூடாதுன்னு சட்டம் போட்டவளே நாந்தான். நானே போய் இப்படிச் சொன்னா என் பேச்சு என்னத்துக்கு ஆகும்? கண்ணாத்தாளுக்குத் தெரியும். அவளை யாரும் நிறுத்த விடமாட்டேன். நீங்க சொல்லிடாதீங்க."

ரெங்கராஜ் தலையை ஆட்டினான். வெளியே வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தான். காற்றில் புகை மடங்கி மரத்தின் பக்கம் இறங்குவது நன்றாகத் தெரிந்தது. நேரே முதலாளியிடம் போனான்.

"கருவியில பழுதில்லைங்க. அடுப்புல விறகு தள்ளுற பொம்பளை மேலயும் தப்பில்லை. புகைபோக்கி குட்டை. மத்தியானக் காத்து அழுத்துது, புகையை மேல இழுக்குற இழுவை கெட்டுப்போவுது. இன்னும் பன்னெண்டு அடி ஒசத்திக் கட்டிட்டா புகை மேலோட போயிடும், சூடும் நிக்கும்."

மலையாண்டி வாயைப் பிளந்தான். "அப்ப கண்ணாத்தா?"

"அவ இருக்கட்டும். நீ போயி கொத்தனாரைக் கூட்டியா. ஒசத்தி முடிக்கிற வரைக்கும் ரெண்டு மணிக்கு மேல வறுக்க வேணாம்" என்றார் ஆத்மநாதன்.

ரெங்கராஜைப் பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் அவரே கூட வந்தார். பஸ் வரும் திக்கையே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ரொம்ப உபகாரம் பிட்டர். காயுற கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு எங்க வீட்டுக்காரி உள்ளங்கை பூராக் கொப்புளம். கேட்டா, தோசைக்கல்லு சுட்டுருச்சுன்னு மூணு வாரமா என்கிட்டயே சொல்றா!"