யானைச் சுவட்டில் தலைப்பிரட்டைகள்

வற்றிக்கொண்டு வரும் குளத்தில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று முடிவு செய்வது யார், சொல்லுங்கள் பார்ப்போம்?

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம். கரைச் சேற்றில் ஆளுக்கொரு கால் பதிக்க வேண்டும். யார் சுவட்டில் அதிகத் தண்ணீர் ஊறுகிறதோ, அவர் சொல்தான் செல்லும். அதே சுவட்டில் அவர் மறுபடி மிதித்துவிட்டால் முடிவு உறுதி.

யானையின் சுவட்டில் ஒரு குடம் தண்ணீர் ஊறியது. தவளையின் சுவட்டில் ஒரு சொட்டுகூட இல்லை.

"குளம் வத்துது. நாளையிலேருந்து சின்ன உசுருங்க யாரும் உள்ளே இருக்கக் கூடாது. எனக்கு உடம்பு பெருசு, மூணு வேளையும் குளிச்சே ஆகணும்," என்றது யானை.

"ரொம்ப நியாயம்!" என்றது அதன் முதுகில் உண்ணி பொறுக்கிய கொக்கு.

"நீங்க புரண்டு புரண்டுதானே அண்ணே பாதித் தண்ணி வெளியே போச்சு? என் பிள்ளைங்களுக்கு இன்னும் காலே முளைக்கலை. அதுங்க எங்கே போகும்?" என்றது தவளை.

"முதல்ல உன் சுவட்டைக் காட்டு, அப்புறம் பேசு," என்று கொக்கு சிரித்தது.

உறுதி செய்யும் முன் யானை ஒரு முழுக்குப் போடப் போனது. தவளை சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளை முதுகில் ஏற்றி, நடை நடையாய்ச் சுமந்தது.

திரும்பி வந்த யானை மிதிக்கக் காலைத் தூக்கியது. அதன் சுவட்டுக்குள் இருபது தலைப்பிரட்டைகள் வாலாட்டி நீந்திக்கொண்டிருந்தன. நடுவில் தவளை. கால் அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, தூக்கின காலை ஒரு பத்து நாள் இறக்காம இருங்க. இதுங்களுக்கும் கால் முளைக்கட்டும். அப்புறம் எல்லாரும் சேர்ந்து சுவடு பதிக்கலாம்."