காரவள்ளி தாண்டினால் சண்டை

2001. திங்கட்கிழமைதோறும் மலையேறும் பஸ் அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதுமே, வேளாண் அலுவலர் ஓம்பிரகாஷ் ஆரம்பித்துவிடுவார்.

"பாத்துட்டே இருங்க டீச்சர், வரப்போற கம்ப்யூட்டரெல்லாம் ஏஎம்டி சிப்புலதானுங்க ஓடும். இன்டெல் ஓரமாப் போயிரும்."

கம்ப்யூட்டர் டீச்சர் ரோஸ்லினுக்குச் சுர்ரென்று ஏறும். வளைவுக்கு வளைவு வளரும் வாக்குவாதம், மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் இறங்கினால்தான் ஓயும்.

அவளுக்கு மாற்றல் வந்ததும், சொல்லிக்கொள்ள அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். மேசையிலிருந்த கம்ப்யூட்டரில் இன்டெல் ஸ்டிக்கர்!

"அப்புறம் எதுக்குங்க சார் எங்கூட அத்தனை சண்டை?"

அவர் சிரித்தார். "மொத நாள் பஸ்சுல வாந்தியெடுத்தே துவண்டுட்டீங்க. சண்டைன்னு வந்தா அதை மறந்துடறீங்கன்னு அப்புறந்தானுங்க தெரிஞ்சுது."

மறுநாள் பஸ்ஸில் தனியாக மலையிறங்கினாள். முதல் வளைவிலேயே குமட்டியது. கைப்பையைத் துழாவினாள். எலுமிச்சம்பழம் வாங்கும் பழக்கமே எப்போதோ விட்டுப்போயிருந்தது.