பாதுகாக்கப்பட்ட குடிநீர்

நாட்டின் பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதா வேண்டாமா என்று சபையில் பதினோரு நாள் தொண்டை வறள வாதாடினார்கள். கூட்டுவதென்று முடிவானது, பணம்தான் இல்லை. அதனால் பெயரில் 'பாதுகாப்பு' ஒட்டியிருந்த எல்லாவற்றையும் ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். மேலத்தெருத் தொட்டியில் 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. ஒரே வாரத்தில் அதைச் சுற்றி முள்கம்பி வந்தது, துப்பாக்கியோடு ஒரு காவலாளும் வந்தான்.

சித்தாள் செல்லக்கிளி அன்று வேலைக்குப் போகாமல் குடத்தோடு வந்து நின்றாள். மகனுக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்க நல்ல தண்ணீர் வேண்டும். தெருவில் அடிகுழாயில் வருவது கடல் தண்ணீருக்கு ஒன்றுவிட்ட தங்கை.

"ஒரு குடம் பிடிச்சுக்கிறேன் தம்பி. பிள்ள துவண்டு கெடக்கான்."

"இது ராணுவத் தண்ணி, அக்கா. பக்கத்துல வரக்கூடாது."

"யாருகிட்டேருந்து பாதுகாக்குறீங்க?"

காவலாள் சட்டைப்பையிலிருந்த உத்தரவைப் பிரித்துப் பார்த்தான். "எடுக்க வர்றவங்ககிட்டேருந்துன்னு போட்டிருக்கு."

"அப்ப எதிரி நாந்தானா. சொல்லியிருந்தா நல்ல சேலையா கட்டிட்டு வந்திருப்பேன்ல."

அவன் சிரிக்கவில்லை. காய்ந்த உதட்டைத் தடவிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"காலையிலேருந்து நிக்கிறேன்க்கா. நாங்களும் தொடக்கூடாதாம். உங்க வீட்ல ஒரு வாய் தண்ணி கெடைக்குமா?"

செல்லக்கிளி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குடத்தை முள்கம்பிக்கு அடியில் உள்ளே தள்ளினாள்.

"நல்லாத்தான் பாதுகாக்குற. மொதல்ல நீ குடி. அப்புறம் எம்பிள்ளைக்குப் பிடி."

துருவேறிய தொட்டிக் குழாயைத் திருக இரண்டு கையும் வேண்டும். அவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.