ஸ்பூன் நின்ற இடம்

தொண்ணூற்றொரு சதவீதத்தில் நின்றுவிட்டது.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதையாவது தொட்டுவைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நேற்று இரண்டு முறை அப்படித்தான் ஆனது.

சீட்டுக்கட்டு அளவுதான் அந்தக் கணினி. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் திருகி வைத்திருக்கும் இயந்திரக் கையை ஆட்டுவிப்பது அதுதான்.

மேசைக்கு முன்னால் சக்கர நாற்காலியில் அவள் கணவர். பேச்சு போய்விட்டது. கைகள் போய்விட்டன. வலது கால் பெருவிரலும், இமைகளும், மெல்லுகிற அளவுக்குத் தாடையும் மட்டும் இன்னும் அவர் சொன்னபடி கேட்கின்றன.

இயந்திரக் கையைச் செய்தவரே அவர்தான். நோய் தெரியவந்த வருடம், விரல்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே செய்துவைத்துக்கொண்டார். பெருவிரலால் பொத்தானை அழுத்தினால் அது தட்டிலிருந்து ஒரு ஸ்பூன் சோறு அள்ளி வாய்க்குக் கொண்டுவரும். எப்போது அள்ள வேண்டும், எப்போது போதும் என்பதெல்லாம் அவர் இஷ்டம்.

செவ்வாய்க்கிழமை அதன் மெமரி கார்டு கருகிவிட்டது.

நான்கு நாளாக அவள் ஊட்டுகிறாள். நாலு வாய்க்கு மேல் அவர் வாங்குவதில்லை. இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் வயிற்றில் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் எதிரிலேயே சொன்னார். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு.

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுப்பவள் அவள். புதுக் கார்டில் புரோகிராம் ஏற்றும் இந்த வேலை அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரிதான். அவருடன் வேலை பார்த்த அருளானந்தம் வாட்ஸாப்பில் அனுப்பிய வரிகளை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறாள்.

நூறு.

பயம் குறையவில்லை. இத்தனை நேரம் காத்திருந்தால் போதும் என்றிருந்தது. இனிமேல் அந்த இயந்திரக் கை அசையும்.

பழைய கார்டு இருந்தவரை, இயந்திரக் கையில் இருக்கும் கேமரா அவர் வாயைப் பார்த்து, ஸ்பூன் நிற்க வேண்டிய இடத்தை அன்றன்றைக்குத் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு வருடத் திருத்தங்கள் கார்டோடு போயின. பென்டிரைவில் இருந்தது முதல் நாள் அளவு மட்டும்தான். கேமராவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சோறு உள்ளே போகட்டும் என்றிருந்தார் அருளானந்தம். அதையே ஏற்றினாள்.

அவர் காலடியில் இருந்த பொத்தானை எடுத்து அழுத்தினாள்.

கை விசுக்கென்று எழுந்து எவர்சில்வர் டம்ளரைத் தட்டிவிட்டது. டம்ளர் சுவர் வரைக்கும் உருண்டது.

அவள் பதறி அதை நிறுத்தினாள். அந்த வேகத்தில் ஸ்பூன் வந்தால் அவரால் முகத்தைத் திருப்பக்கூட முடியாது.

வேகத்தைக் குறைத்தாள். சக்கர நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள். அந்த இடத்தில் சாப்பாட்டு நாற்காலியைப் போட்டு, மேலே ஒரு தலையணை வைத்து உட்கார்ந்தாள். அவரைவிட அவள் குள்ளம். அவர் உட்காரும் உயரம் அவளுக்கு மனப்பாடம். அளந்து பார்க்கவில்லை.

அவர் இரண்டு முறை இமைத்தார். வேண்டாம் என்று அர்த்தம்.

"புரோகிராம் ஏத்துனவங்கதான் மொதல்ல உள்ள நிக்கோணும்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க. ஏத்துனது நானு."

கம்பெனியில், புது புரோகிராம் ஏற்றிய இயந்திரக் கை எட்டித் தொடும் வட்டத்துக்குள் அவர் இருபது வருடம் அப்படித்தான் நின்றார். கேட்கும்போதெல்லாம் அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

மறுபடியும் இரண்டு முறை இமைத்தார். அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

பொத்தானை அழுத்தினாள். வாயைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மோட்டார் முனகியது. முனகல் பக்கத்தில் வந்தது. உள்ளங்கை வியர்த்து நாற்காலிப் பிடி வழுக்கியது.

கீழுதட்டில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது.

பருப்புச் சோறு. நெய் கொஞ்சம் தூக்கல்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு மயிரிழை பிசகவில்லை. மென்று விழுங்கிவிட்டு எழுந்தாள். ஸ்பூன் நின்ற இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. அடுத்த அழுத்தலுக்குக் காத்திருந்தது.

நாற்காலியை எடுத்துவிட்டு, பொத்தானை அவர் பெருவிரலுக்குக் கீழே வைத்து, அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னாலிருந்து தள்ளியதால் முகம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

அவர் மூச்சு சட்டென்று மாறியது. குனிந்து பார்த்தாள்.

ஸ்பூனின் முனைக்கு எதிரே அவருடைய கண் இருந்தது. நான்கு விரற்கடை இருக்கும்.

அவர் அதை மூடவில்லை. ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ" என்று நாற்காலியை இழுத்தாள். பெருவிரலுக்குக் கீழே இருந்த பொத்தானைப் பிடுங்கினாள்.

ஸ்பூன் தப்பான இடத்தில் நிற்கவில்லை. முதல் நாள் அவர் வாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

தினமும் குளிப்பாட்டுகிறாள், தலை சீவுகிறாள், முகம் மழிக்கிறாள். அந்தத் தலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை.

அளவுகோல் தேடப் போனவள் நின்றாள். கண்ணாலேயே மில்லிமீட்டர் சொல்கிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் முன்னால் மண்டியிட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"எத்தன சென்டிமீட்டர் எறக்கோணுங்க?"

இமை மூடித் திறந்தது.

ஒன்று.

இரண்டு. மூன்று.

விரல் மடக்கி எண்ணினாள். நாலோடு நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

ஐந்து. ஒரு கை முடிந்தது. மறு கையைத் தூக்கினாள்.

ஆறு.

ஏழு.

அவர் ஓய்ந்தார். அப்பாடா என்று எழுந்து கீபோர்டின் பக்கம் போனாள். ஏழு என்று அடித்துவிட்டு, சரிதானே என்று திரும்பிப் பார்த்தாள்.

இமை மறுபடி மூடித் திறந்தது.

எட்டு.