ஆண்களைக் காணவில்லை

ஆய்வகத்தில் அவளுடைய வேலை, தானிய வண்டுகளின் புழுக்கள்மேல் உண்ணிகளை வளர்ப்பது. புழுவைப் பற்றிய தாய் உண்ணியின் வயிறு கண்ணாடி மணிபோல் உருண்டு வீங்கும். அதற்குப் பிறப்பவற்றில் பெரும்பாலானவை பெண்கள். ஆண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. முதலில் பிறக்கும் அந்த ஆண்கள் தாயைவிட்டு அகல்வதில்லை. பிறப்புவாயைச் சூழ்ந்து நின்று, தங்கைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கும்.

அன்று காலை எந்த வளர்ப்புக் கிண்ணத்திலும் ஆண் உண்ணி இல்லை.

“அக்கா, ஆண் ஒண்ணுகூட இல்லக்கா.”

“பிரசவம்னா ஆம்பளைங்க ஓடி ஒளியறது புதுசா என்ன? உன் வீட்டுக்காரரையும் அன்னைக்குத் தேடத்தான் போற, பாரு,” என்று சிரித்தாள் உடன் வேலை செய்யும் மூத்தவள். “ஏழாம் மாசத்துல எதுக்குடி நிக்கற? போய் உட்காரு.”

அவளும் சிரித்தாள். முந்தைய இரண்டு கருக்களும் தங்காததால், இம்முறை சொன்ன பேச்சைத் தட்டுவதில்லை.

ஓய்வறையில் அமர்ந்ததும் தொப்புளருகே அரித்தது. மேலுடையை விலக்கினாள். தொப்புளைச் சுற்றி வெளிறிய தூசி வளையம் ஒன்று இருந்தது. ஊதினாள், அது போகவில்லை. பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

எல்லாக் கிண்ணங்களின் ஆண்களும் அங்கே நின்றன, தலைகளைத் தொப்புளை நோக்கித் திருப்பியபடி. பிறப்பு நெருங்கினாலன்றி அவை அப்படிச் சூழ்வதில்லை. அவளுக்கோ இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன.

அக்காவைக் கூப்பிட வாயெடுத்தாள்.

உள்ளே குழந்தை அசைந்தது. வளையம் முழுவதும் ஓர் எட்டு முன்னே வைத்தது.