ஐப்பசியில் இலையுதிர் காலம்

"நவநீதா, ஓரங்கட்டு! அதோ பார்றா, மஞ்சள்!"

பிரேம்குமார் கத்திய கத்தலில் நவநீதன் பிரேக்கை மிதித்தான். பின்சீட்டில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த தௌசீப் அகமது முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டான்.

"அது வளைவு போர்டுடா. ஹைவேஸ்காரன் மஞ்சள் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான்" என்றான் தௌசீப், நெற்றியைத் தடவியபடி. "போர்டுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியல. இவரு போட்டோகிராபர்!"

காலையிலிருந்து இதே கூத்துதான். ஏலகிரி முழுக்கச் சுற்றியாகிவிட்டது. பத்து நாள் அடித்த ஐப்பசி மழையில் குளித்துவிட்டு மலைகளெல்லாம் பச்சைப்பசேலென்று நின்றன. வேறு யாராக இருந்தாலும் சொக்கிப் போயிருப்பார்கள். பிரேம்குமாருக்கோ அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

பெங்களூருவில் நடக்கும் போட்டோ போட்டிக்கு இந்த வருடத் தலைப்பு 'இலையுதிர் காலம்'. சிவப்பும் மஞ்சளும் பழுப்புமாக ஒரு காட்சி வேண்டும். மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

"இன்னா தலைப்பு குடுத்தான் பாரு. நம்ம பக்கம் இலை கொட்றதே மாசியிலதான்" என்றான் நவநீதன்.

"மூணு வருஷமா அனுப்பறேன், ஒண்ணுகூட எடுத்துக்கல. இந்தத் தபாவும் எடுக்கலேன்னா கேமராவ வித்துடறேன்னு யோகலட்சுமிகிட்ட வாக்கு குடுத்துட்டேன்டா."

அதற்கு மேல் யாரும் கிண்டல் செய்யவில்லை. யோகலட்சுமி பிரேம்குமாரின் மனைவி. வாங்கிய வாக்கை மறக்கிற ரகம் இல்லை.

மூவரும் ஒரே கம்பெனி. காரில் கம்பெனிப் பேச்சை எடுப்பவன் இறங்கி நடந்து வர வேண்டும் என்பது கிளம்பும்போதே போட்ட சட்டம். ஆறு நாளும் குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போனவர்கள், ஏழாவது நாளாவது நல்லதாக நாலு காட்சி பார்க்க வேண்டாமா?

திரும்பும் வழியில் ஹைவேஸைப் பிடிக்காமல், குறுக்கு வழி என்று சொல்லி ஒரு மலைப் பாதையில் வண்டியை ஏற்றினான் நவநீதன். நாலு வளைவு திரும்புவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. போனில் டவரும் போய்விட்டது. எந்தப் பக்கம் எந்த ஊர் என்று மூவருக்கும் விளங்கவில்லை.

மணி மூன்றரை. பாதை ஒரு பாறை விளிம்போடு நின்றது.

"ஆச்சு, கிளம்பலாம்" என்றான் பிரேம்குமார். கேமராவை உறையில் வைக்கப் போனான்.

அப்போது கீழே மேகம் விலகியது. ஒரு ஜன்னலளவுக்குத்தான் விலகியது.

ஜன்னலுக்கு அப்பால் இலைகள். உதிர்ந்து, தரை தெரியாமல் படிந்து கிடந்த இலைகள். செங்கல் சிவப்பில், மஞ்சள் கிழங்கு நிறத்தில், வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ பழுப்பில். பத்து நாள் கழித்து எட்டிப் பார்த்த வெயில், ஊரையெல்லாம் விட்டுவிட்டு அங்கே மட்டும் விழுந்தது. ஈரத்தில் அத்தனை நிறமும் மினுமினுத்தது.

வாய் ஓயாத தௌசீப் கையிலிருந்த பொட்டலத்தை மறந்தான். "யா அல்லா" என்றான், மெதுவாக.

"மரமே காணோமேடா" என்றான் நவநீதன்.

"மேகத்துக்குள்ள இருக்கும். பேசாத!"

கேமராவைத் தூக்கிய பிரேம்குமார் கிளிக் செய்யாமல் பார்த்துக்கொண்டே நின்றான். உலகத்தில் இப்படி ஒரு இடம் இருக்கிறது, அதைப் பார்க்கிற கொடுப்பினை தனக்கும் இருக்கிறது. அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான்.

"டேய், அப்புறம் அழு, மொதல்ல எடு!"

லென்ஸை முழுசாக நீட்டிப் பதினோரு படம் எடுத்தான். ஜன்னல் சாத்திக்கொண்டது. மறுபடி வெறும் வெள்ளை.

சிறிது கீழே இறங்கியதும் டவர் கிடைத்தது. காரின் பானெட்டில் சாய்ந்தபடி, படத்தைப் போனுக்கு மாற்றி, போட்டிக்கான படிவத்தைத் திறந்தான் பிரேம்குமார். பெயர் போட்டான், வயது போட்டான்.

"எடுத்த எடம் எதுன்னு கேக்கறான்டா. கட்டாயம் போடணுமாம்."

"தெரிஞ்சா சொல்ல மாட்டோமா?" என்றான் நவநீதன். "படத்தப் பெருசு பண்ணிப் பாரு. கோயில், டேங்க்கு, எதுனா தெரியும்."

இரண்டு விரலால் படத்தை விரித்தான். சிவப்பு பெரிதானது. மஞ்சள் பெரிதானது. நடுவே கறுப்பாக ஒரு புள்ளி. மேலும் விரித்தான்.

புள்ளி ஒரு ஆள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு பழுப்பு இலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். இலை ஆளைவிட அகலமாக இருந்தது.

தௌசீப் போனை முகத்துக்குக் கிட்டே இழுத்தான். "டேய்... இது நம்மகூட வேலை பாக்கற சர்தார் பாஷாடா. மழை வுட்டா இன்னிக்கு வந்து காயப்போடணும்னு கம்பெனியில உன்னத்தான கூப்ட்டாங்க, நீ அவன மாத்தி வுட்டுட்டு வந்தே?"

பிரேம்குமார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு, இடம் என்ற கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான்: 'ஆம்பூர். சாயம் ஏற்றிய தோல்களைப் பதினோரு வருடமாக நான் காயப்போடும் களம்.'